நடுங்குறது கையா, துப்பாக்கியா?

ஜெராக்ஸ் கடையில நாம தினமும் வாங்குற ஏ4 தாளோட தடிமன் சுமார் 0.1 மி.மீ. ஒரு ஏர் ரைஃபிளோட பின் சைட் இந்த ஒரு தாள் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்தால் என்ன ஆகும்? முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் 45 செ.மீ. தூரம்னு வைங்க. வடிவொத்த முக்கோணம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். 10 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் குண்டு 2.2 மி.மீ. விலகி விழும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளியே 2.5 மி.மீ.தான். ஆக, ஒரு தாள் தடிமனுக்குக் கிட்டத்தட்ட ஒரு மார்க் போச்சு.

நான் துப்பாக்கி சுடும் ஆள் இல்லை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். இந்தக் கணக்கைப் போட வேண்டி வந்தது என் தங்கச்சிக்காக. சொந்தத் தங்கச்சி இல்லை, சித்தப்பா பொண்ணு. பிளஸ் ஒன் படிக்கிறா. வீட்டில் எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவோம்.

எங்க ஊர் அரியாங்குப்பம். சித்தப்பா பெயிண்டர். திருவிழா சீசன்ல மட்டும் பலூன் சுடுற கடை போடுவார். ஆடி மாசம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய கூட்டம்னு. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர் அது. அந்தக் கூட்டத்தில் ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நடுவில் சித்தப்பா கடை இருக்கும். ஒரு தட்டி, அதுல வரிசையா பலூன், முன்னாடி ஒரு மேஜை, மேல மூணு ஏர் ரைஃபிள். பாப்பா அஞ்சாவது படிக்கும்போதிலிருந்தே கடையில் பலூன் ஊதிக் கட்டுவா. கூட்டம் இல்லாத நேரத்துல சுடுவா. பெரிய பலூனை விட்டுட்டு, கட்டின நூலைக் குறி வச்சு சுடுவா.

அவ ஸ்கூல் பி.டி. சார் இதைக் கேள்விப்பட்டு, ஒரு பயிற்சி இடத்துக்கு அழைச்சுட்டுப் போனார். ஒலிம்பிக்கில் பார்க்கிற மாதிரி ரைஃபிள் எல்லாம் லட்சக்கணக்கில் விலை. ஆனா நம்ம நாட்டுப் போட்டிகளில் 'ஓபன் சைட்'னு ஒரு பிரிவு இருக்கு. சாதாரண இந்தியத் தயாரிப்பு ரைஃபிளை வச்சே அதுல கலந்துக்கலாம். கடையில் இருந்த மூணில் நல்லதுன்னு தோணின ஒண்ணை எடுத்துட்டுப் போனா. நாலு வாரம் போச்சு. 10 குண்டுக்கு 57, 55, 58 என்றுதான் வந்தது. அங்கே சொல்லிக் கொடுத்தவர் சொன்னது இதுதான்: "கை நடுங்குதும்மா. சில பேருக்கு அப்படித்தான். வேற கேம் பாரு."

பாப்பா வீட்டுக்கு வந்து அழல. ரைஃபிளைக் கொண்டுபோய்க் கடைச் சாமான் மூட்டையில் வச்சுக் கட்டிட்டா. ராத்திரி என்கிட்ட மட்டும் கேட்டா, "சார் சொன்னது கரெக்ட்டாண்ணா? என் கை ஆடுதா?"

அவ அலமாரிக் கதவுல இளவேனில் வாலறிவன் படம் ஒட்டியிருக்கா. இளவேனில் கடலூரில் பிறந்தவர், வளர்ந்தது குஜராத்தில். அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் பஸ்ல ஏறினா அரை மணி நேரம், அதனால் பாப்பாவுக்கு அவர் 'நம்ம ஊர் அக்கா'. 2019-ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 630.7 எடுத்தும் 10-வது இடம்தான் கிடைச்சது. முதல் 8 பேர்தான் ஃபைனலுக்குப் போவாங்க. 630.7-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு குண்டுக்கு 10.5. அட்டையோட மையத்தில் இருந்து சராசரியா ஒரு மி.மீ.யைச் சற்றுத் தாண்டி விழுந்திருக்குன்னு அர்த்தம். அதுவே பத்தல. அப்படிப்பட்ட விளையாட்டில் இருந்துக்கிட்டு, 'ஆடுறது யாரு'ன்னு பார்க்காமலே ஒரு பொண்ணை அனுப்பிடறது எனக்குச் சரியாப் படல.

கேள்வி ரொம்ப எளிமை. சிதறலுக்குக் காரணம் பாப்பாவா, ரைஃபிளா? நம்ம பாஷையில் சொன்னா, மொத்தப் பிழையில் கருவியோட பங்கு எவ்வளவு, ஆளோட பங்கு எவ்வளவு?

வீட்டுப் பின்னாடி தென்னந்தோப்பு. கோடியில் காம்பவுண்டு சுவர், அதுக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இல்லை. சுவரை ஒட்டி மணல் நிரப்பின மரப்பெட்டி, அதுக்கு முன்னால் அட்டை. (4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். அதுக்காக மொட்டை மாடியில் நின்னு காக்கா சுடலாம்னு யாரும் கிளம்பாதீங்க. அது குற்றம்.) அரிசிப் பையில் மணல் கட்டி, அதன் மேல் உள்ளங்கையை வச்சு, கையின் மேல் ரைஃபிளை வச்சு நான் 10 குண்டு, சித்தப்பா 10, பாப்பா 10. மூணு பேரும் வேற வேற ஆள். ரைஃபிள் ஒண்ணு. மூணு அட்டையிலும் ஓட்டைகளின் பரப்பு, அதாவது ரெண்டு கடைசி ஓட்டைகளின் மையத்துக்கு நடுவில் உள்ள தூரம், ஏறக்குறைய 28 மி.மீ. பாப்பா கையில் தூக்கி நின்னு சுடும்போது 36 மி.மீ.

பிழைகளை நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கம் எடுத்துக் கூட்டணும்னு மெஷர்மெண்ட்ஸ் பேப்பரில் படிச்சிருப்பீங்க. ஒவ்வொரு முறையும் அதே 10 குண்டு என்பதால் இந்த அளவுகளை அப்படி ஒப்பிடலாம். 36-ன் வர்க்கம் 1296. அதில் 28-ன் வர்க்கம் 784-ஐக் கழிச்சா 512. அதன் வர்க்கமூலம் 22.6. ஆக ரைஃபிளோட சிதறல் 28, பாப்பாவோட சிதறல் 22.6. கை ஆடுது, உண்மைதான். யார் கைதான் ஆடாது? ஆனா கையை விட ரைஃபிள் அதிகமா ஆடுது.

இதை அவகிட்ட சொன்னதும் மூட்டையைப் பிரிச்சு ரைஃபிளை வெளியே எடுத்துட்டா. அடுத்த வேலை அதைச் சரிபண்றது.

ஏர் ரைஃபிளை டியூன் பண்றதுன்னு யார்கிட்ட கேட்டாலும் முதலில் வர்ற பதில், "ஸ்பிரிங்கை மாத்து, பவர் ஏறும்." ஹாஸ்டலில் ரெண்டு பேர், கடைவீதியில் ஒருத்தர், எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே. தையல் மெஷின் எண்ணெயை ஒரு மூடி நிறைய உள்ளே ஊத்துவார். ஊத்தினதும் 'டப்'புனு வெடிக்கும், புகை வரும். "சத்தம் வராத துப்பாக்கியை எவன்டா காசு குடுத்து சுடுவான்?" கடை வியாபாரத்துக்கு அது நியாயம்தான்.

அந்தச் சத்தம் என்னன்னு மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிங் விடுபட்டதும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்குது, காற்று சூடாகுது, எண்ணெய் ஆவி தானாகப் பத்திக்குது. டீசல் இன்ஜின். ஆனா இந்த இன்ஜினில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் எரிபொருள் அளவு வேற. ஒரு குண்டு வேகமா போகும், அடுத்தது மெதுவா போகும்.

எவ்வளவு வித்தியாசம்? வேகம் அளக்கிற கருவி கிடைக்கல. ஃபோன் போதும். சுடுற இடத்துக்கும் அட்டைக்கும் சரியா நடுவில், 5 மீட்டரில் ஃபோனை வச்சு ஒலிப்பதிவு பண்ணேன். சுட்ட சத்தமும் சரி, பெட்டியில் குண்டு மோதின சத்தமும் சரி, ஃபோனுக்கு வர அதே 5 மீட்டர்தான். ஒலியோட தாமதம் ரெண்டு பக்கமும் சமம், கழிஞ்சு போகும். ஆடாசிட்டியில் போட்டுப் பார்த்தா ரெண்டு முள் தெரியும். ரெண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் குண்டு பறந்த நேரம். வினாடிக்கு 44,100 மாதிரிகள், நமக்குத் தேவையானதை விட அதிகத் துல்லியம். எண்ணெய் ஊத்தின நிலையில் 58 மில்லி செகண்டிலிருந்து 66 வரை அலைஞ்சது. வினாடிக்கு 172 மீட்டர், 151 மீட்டர்.

படுமோசம்னு தோணும். ஆனா புவியீர்ப்புக் கணக்கைப் போடுங்க. 58 மில்லி செகண்டில் குண்டு 16.5 மி.மீ. இறங்கும், 66-ல் 21.3 மி.மீ. இறங்கும். வித்தியாசம் 5 மி.மீ. கூட இல்லை. அதுவும் மேலும் கீழுமா மட்டும்தான். புவியீர்ப்பு பக்கவாட்டில் இழுக்காது. எங்க அட்டையில் ஓட்டைகள் உயரத்தில் 15 மி.மீ.யும், அகலத்தில் 27 மி.மீ.யும் சிதறியிருந்தன. அகலத்துக்கு ஸ்பிரிங்கும் காரணம் இல்லை, எண்ணெயும் காரணம் இல்லை. ஊரே சொன்ன 'ஸ்பிரிங்கை மாத்து' யோசனையை அந்த 27 மி.மீ. தூக்கிப் போட்டுடுச்சு. பவர் விஷயத்தையும் இங்கேயே முடிச்சிடறேன். ஒலிம்பிக் ரைஃபிளில் இருந்து குண்டு கிளம்புற வேகமும் வினாடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான். 0.53 கிராம் குண்டுக்கு 8 ஜூல் கூட வராது. காகிதத்தில் ஓட்டை போட அதுவே தாராளம்.

அகலம்னா கோணம். கோணம்னா எதுவோ ஆடுது. அந்த ஏ4 தாள் கணக்கு வந்தது இங்கேதான்.

ஸ்பிரிங் ரைஃபிளில் ஒரு தொல்லை இருக்கு. ட்ரிகரை இழுத்ததும் குண்டு உடனே கிளம்பாது. பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் போகும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நிக்கும்போது ரைஃபிள் முன்னால் உதறும். இந்த உதறல் எல்லாம் ஆரம்பிச்ச பிறகுதான் குண்டு பேரலை விட்டு வெளியே வருது. அதனால் நாம குறி பார்த்த நிலை வேற, குண்டு கிளம்பும் நிலை வேற. ரெண்டும் வேறயா இருக்கறது தப்பில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வேறயா இருந்தா போதும். இந்த உதறலைக் கொல்ல ஜெர்மன்காரங்க என்னென்னவோ பண்ணிப் பார்த்திருக்காங்க. ஃபைன்வெர்க்பாவ் 300-ல் சுட்டதும் மேல் பாகம் முழுக்கத் தண்டவாளத்தில் வண்டி மாதிரி பின்னால் சறுக்கும், கட்டை தோளில் அசையாது. டயானாவில் ரெண்டு பிஸ்டன், எதிரெதிர் திசையில் ஓடி ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணும். 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்குக்கு வந்தது. இப்போ போட்டியில் இருக்கிறது எல்லாம் சிலிண்டரில் அடைச்ச காற்று, ஸ்பிரிங்கே கிடையாது. நம்மகிட்ட இருக்கிறதோ திருவிழாக் கடைத் துப்பாக்கி.

முதலில் கட்டையில் இருக்கிற ஸ்க்ரூக்கள். முன்னால் பக்கத்துக்கு ஒண்ணு, ட்ரிகர் கார்டில் ஒண்ணு. முன் ஸ்க்ரூ ரெண்டும் கையாலேயே கால் சுற்று சுத்தினது. அஞ்சு வருஷ உதறல். கழட்டி, எண்ணெய் துடைச்சு, ஸ்டார் வாஷர் போட்டு, நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, மரம் நசுங்காத அளவுக்கு முறுக்கினோம். ஒரு நாள் விட்டு மறுபடி மணல் பையில் 10 குண்டு. 28 மி.மீ. 19 ஆச்சு. செலவு எட்டு ரூபாய். லாக்டைட் காலேஜ் லேபுக்காக வாங்கினது, அதைக் கணக்கில் எழுதல.

ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணு மாத்தணும்னு பாப்பாகிட்ட கண்டிஷன் போட்டிருந்தேன். இல்லைன்னா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. அவ ஒரு நோட்டுப் போட்டு, தேதி, என்ன மாத்தினோம், அகலம், உயரம் நாலு கட்டம் போட்டா. சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. "எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணிட்டா இன்னாடா?"

ரெண்டாவது, பேரல் மடங்குற கீல். அழுத்தி மடக்கித்தான் இந்த ரைஃபிளை லோடு பண்ணணும், அதனால் பேரலும் சிலிண்டரும் ஒரு போல்ட்டில் இணைஞ்சிருக்கு. கடலூர் ரோட்டில் இருக்கிற லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனோம். பட்டறைக்காரர் பேரல் நுனியைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினார். "தம்பி, இது கதவுக் கீல் மாதிரி ஆடுது." டயல் கேஜ் வச்சுப் பார்த்தா நுனியில் பக்கவாட்டு ஆட்டம் 0.4 மி.மீ. நாலு ஏ4 தாள். கீலில் இருந்து நுனி வரை 45 செ.மீ., எனவே 10 மீட்டரில் 9 மி.மீ. குறி பார்க்கும்போது பேரல் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், உதறும்போது மறுபக்கம் போகும். அவர் பித்தளைத் தகட்டில் ரெண்டு ஷிம் வாஷர் வெட்டிப் போட்டு, போல்ட்டை மடக்கும்போது இறுகாத, ஆனா ஆடாத நிலைக்குக் கொண்டுவந்தார். 19 மி.மீ. 15 ஆச்சு.

அதே பட்டறையில்தான் ஸ்பிரிங்கையும் கழட்டினோம். இதை வீட்டில் செய்யாதீங்க. உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கின நிலையில் இருக்கும். பார் கிளாம்ப் போட்டு மெல்ல விடாட்டி, பின் மூடி முகத்தில் வந்து அடிக்கும். உள்ளே பார்த்ததும் சித்தப்பா மேல் இருந்த கோபம் பாதி போயிடுச்சு. பிஸ்டன் முனையில் இருந்தது தோல் வாஷர், பழைய சைக்கிள் பம்ப்ல இருக்குமே அதே ஜாதி. தோல் காயாம இருக்க எண்ணெய் வேணும்தான். யாரோ அவருக்கு 'எண்ணெய் விடு'ன்னு சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சொட்டு மூடியானதுதான் கதை. புதுத் தோல் வாஷரை ராத்திரி எண்ணெயில் ஊறவச்சு, பிழிஞ்சு, துடைச்சுப் போட்டோம். ஸ்பிரிங்கை மாத்தல. பழைய கறுப்பு எண்ணெயைத் துடைச்சு, மோலி கிரீஸ் மெல்லிசா தடவினதோட சரி. முதல் 50 குண்டு புகைஞ்சது, அதைக் கணக்கில் சேர்க்கல. அப்புறம் ஃபோனில் பார்த்தா 63-லிருந்து 64.5 மில்லி செகண்டுக்குள் நின்னுது. உயரச் சிதறல் குறைஞ்சு அகலத்தோட சமமா வந்துச்சு. சத்தமும் போச்சு. சித்தப்பா முகத்தில் ஒரு வருத்தம்.

பேரல் சுத்தம் பண்ண இரும்புக் கம்பியை விடக்கூடாது, உள் வரிகள் கெட்டுடும். வீராம்பட்டினத்து மீன்காரத் தாத்தாகிட்ட ஒரு பாகம் தடித் தூண்டில் நரம்பு வாங்கி, மடிச்சு உள்ளே விட்டு, மறுமுனையில் பழைய பனியன் துணித் துண்டைக் கோத்து இழுத்தோம். முதல் துணி கன்னங்கரேல்னு ஈயம். பதினோராவது துணி வெள்ளையா வந்தது. இந்த ஒரு வேலை ஒரு மி.மீ.கூட மாத்தலைன்னு நோட்டு சொல்லுது. இருந்தாலும் எங்க ஊர்க் கடல் காத்துக்கு, சுட்டு முடிச்சதும் ஒரு துடை துடைச்சு வைக்கலைன்னா ஒரே வாரத்தில் துரு பூத்துடும்.

அடுத்து குண்டு. கடைக்கு வாங்குற பலூன் குண்டை கெமிஸ்ட்ரி லேப் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரே டப்பாவில் பத்தில் ஒரு பங்கு வரை எடை வித்தியாசம், பாவாடை நசுங்கினது பாதி. கண்ணாடி மேல் லேசா சாய்ச்சு உருட்டினா, நல்லது ஒரே வளைவில் உருளும், நசுங்கினது தத்தித் தத்திப் போகும். போட்டிக்காரங்க இதில் எவ்வளவு தூரம் போறாங்கன்னு படிச்சப்போ மலைப்பா இருந்தது. போட்டிக் குண்டு டப்பாவிலேயே தலை அளவு 4.48, 4.49, 4.50 மி.மீ.ன்னு பிரிச்சு எழுதியிருக்கும். பெரிய வீரர்கள் தங்களோட ரைஃபிளை இரும்புப் பிடியில் பொருத்தி, தொகுதி தொகுதியாச் சுட்டுப் பார்த்து, ஒத்துப் போற தொகுதியை மொத்தமா வாங்கி வச்சுக்குவாங்க. நாங்க ரெண்டு வகைப் போட்டிக் குண்டில் ஒவ்வொரு டப்பா வாங்கினோம். ஒண்ணு 15 மி.மீ.யை 10 ஆக்கிச்சு, இன்னொண்ணு 13-ல் நின்னுது. விலை அதிகமா இருந்தது அந்த 13தான். (குண்டு எல்லாம் ஈயம். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவாம முறுக்குத் தட்டில் கை வைக்கக் கூடாதுன்னு சித்தி சட்டம். சரியான சட்டம்.)

ட்ரிகரைத் தொடல. கொஞ்சம் கனமா இழுக்குது, பாப்பாவும் அதைப் பத்திப் புலம்பினா. ஆனா இந்த வகை ரைஃபிளில் ட்ரிகர் கொக்கியை ராவி மெல்லிசாக்கினா, பேரல் மடங்கியிருக்கும்போதே ஸ்பிரிங் விடுபடலாம். பேரல் விசையோட திரும்ப எழும், நடுவில் இருக்கிற விரல் போகும். பட்டறைக்காரரே, "விரல் பத்திரம், அதை விட்டுடு"ன்னு சொல்லிட்டார்.

இதுக்கு நடுவில் ஒரு சந்தேகம் தீரணும். பலூன் கடைக்காரங்க வேணும்னே சைட்டை வளைச்சு வைப்பாங்கன்னு நாம எல்லாரும் நம்புறோம். சித்தப்பாகிட்ட நேராவே கேட்டேன். "யாருடா வளைக்கிறது? கீழ போட்டுப் போட்டு அதுவா வளைஞ்சது" என்றார். நான் நம்பறேன். எப்படியும் அது பெரிய விஷயமே இல்லை. பாப்பா ரைஃபிளோட முன் சைட்டும் கொஞ்சம் கோணல்தான், குண்டு எல்லாம் இடது பக்கம் 18 மி.மீ. தள்ளி விழுந்தது. பின் சைட்டைத் திருகி அஞ்சு நிமிஷத்தில் நடுவுக்குக் கொண்டு வந்தாச்சு. கோணல் நிலையா இருந்தா திருத்திடலாம். ஆடுற சைட்டை எந்தப் பக்கம் திருகுவீங்க?

இதுக்குப் பெரிய சாட்சி பெய்ஜிங், 2008 ஆகஸ்ட் 11. தகுதிச் சுற்றில் 596 எடுத்து நாலாவதா ஃபைனலுக்கு வந்த அபினவ் பிந்த்ரா, ஃபைனலுக்கு முன்னால் சோதனைக்காகச் சுட்டப்போ குண்டு 4-ல் போய் விழுந்தது. உலகத் தரத்து ஆள், ஒலிம்பிக் ஃபைனல், 4. கை போச்சுன்னு எவனும் நினைப்பான். அவர் சைட் நகர்ந்திருக்குன்னு புரிஞ்சுக்கிட்டு, இருந்த சில நிமிஷத்தில் திருகித் திருகி நடுவுக்குக் கொண்டு வந்தார். ஃபைனலில் முதல் குண்டு 10.7, கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். தன் கை எது, ரைஃபிள் எதுன்னு அவருக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சிருந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்னு 'கை நடுங்குது'ன்னு யாராவது சொல்லியிருந்தா?

சரி, எங்க கணக்குக்கு வருவோம். ரைஃபிளோட சிதறல் இப்போ 10 மி.மீ. பாப்பா கையில் எந்த மாற்றமும் இல்லைன்னு வச்சா, நின்னு சுடும்போது எவ்வளவு வரணும்? 10-ன் வர்க்கம் 100, கூட்டல் 512, மொத்தம் 612. வர்க்கமூலம் 24.7. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடிச்சு, சித்தி கையில் கொடுத்துட்டு பாப்பாவைச் சுடச் சொன்னேன். மூணு அட்டை, 10 குண்டு வீதம். 25, 23, 26. சித்தி சீட்டைப் பிரிச்சுப் படிச்சுட்டு, "இது இன்னாடா ஜோசியமா?"ன்னு கேட்டாங்க. மார்க் 71, 73, 70. ஒரு மாசம் முன்னாடி 57 எடுத்த அதே கை.

பாப்பா ரொம்ப நேரம் அட்டையையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் கேட்டது எனக்கு எதிர்பாராத கேள்வி. "அப்போ மீதி 22.6 என்னோடதா?"

ஆமாம், அது அவளோடது. அதுக்கு ஷிம் வாஷர் கிடையாது. ஆனா பிடிக்கிற விதத்தில் கொஞ்சம் குறைக்கலாம். பலூன் கடைப் பழக்கத்தில் அவ ரைஃபிளை இறுக்கிப் பிடிப்பா. ஸ்பிரிங் ரைஃபிளுக்கு அது ஆகாது. இறுக்கினா உதறல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். இடது கையை விரிச்சு, அதன் மேல் சும்மா உட்கார வச்சு, அது இஷ்டத்துக்கு உதறட்டும்னு விடணும். கை எப்பவும் அதே இடத்தில் இருக்கணும். கட்டையில் இடம் அடையாளத்துக்கு ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். முதல் ரெண்டு நாள் மார்க் குறைஞ்சது, மூணாவது நாள் 74.

பயிற்சி இடத்துக்கு மறுபடி போனா. பழைய சார் அட்டையைப் பார்த்துட்டு, "ரைஃபிள் மாத்திட்டியா?"ன்னு கேட்டாராம். "இல்ல சார், அதேதான்"னு சொல்லிட்டு வந்துட்டா. நோட்டைக் காட்டியிருக்கலாமேன்னு கேட்டேன். "எதுக்கு?"ன்னுட்டா. அடுத்து நடந்த தேர்வுப் போட்டியில் 40 குண்டுக்கு 298. மெடல் எதுவும் இல்லை, அடுத்த சுற்றுக்கும் போகல. ஜெயிச்ச பொண்ணுங்க 350-க்கு மேல். அடுத்த தேர்வுக்கும் பேர் கொடுத்திருக்கா.

ஆடி வரப் போகுது. சித்தப்பா மூணாவது ரைஃபிளைக் கடைக்குக் கேட்டார். ரெண்டை வச்சுக் கடை நடத்தினா ஒரு நாள் வருமானத்தில் மூணில் ஒரு பங்கு போகும், அது எங்க குடும்பத்தில் சின்னக் காசு இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு கொஞ்சம் சூடாச்சு. கடைசியில் அவரே, "அதுல சத்தமே வரல, அது கடைக்கு ஆவாது"ன்னு சொல்லிட்டு எழுந்து கை கழுவப் போயிட்டார்.

இப்போ பாப்பா தினமும் சாயங்காலம் கூடத்தில், வெறும் சுவரைப் பார்த்து, குண்டும் போடாம ஸ்பிரிங்கும் மடக்காம ரைஃபிளைத் தூக்கிப் பிடிச்சு நிக்கறா. ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி இருபது தடவை. நோட்டில் 'ரைஃபிள்'னு ஒரு கட்டமும் 'நான்'னு ஒரு கட்டமும் தனித்தனியா இருக்கு. ரைஃபிள் கட்டத்தில் ரெண்டு மாசமா 10, 10, 11, 10. 'நான்' கட்டத்தில் போன ஞாயிற்றுக்கிழமை 19 எழுதியிருந்தா.